ரம்மும் போர்ட் வைனும்: வீட்டுக் கலவை ஏன் திகட்டுகிறது?

ரம்மையும் போர்ட் வைனையும் வீட்டில் கலப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, போர்ட்டும் ஒரு வைன்தான் என்பதை மறந்துவிடுவதால் வருகின்றன. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீதச் செறிவுள்ள திராட்சை மதுசாரத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்துவதால், மதுசாரமாக மாறியிருக்க வேண்டிய சீனி போத்தலிலேயே தங்கிவிடுகிறது. இறுதியில் கிடைக்கும் வைனில் மதுசாரம் 19 முதல் 22 சதவீதம் வரை இருக்கும்.

திறந்த போர்ட் போத்தலை ரம்முக்குப் பக்கத்தில் அலுமாரியில் நிறுத்திவைப்பதே முதல் தவறு. ரம் மாதக்கணக்கில் கெடாது; ஆனால் 30 பாகையைத் தொடும் கொழும்பு வெப்பத்தில், காற்றுப்பட்ட ரூபி போர்ட்டின் (இளமையான, செந்நிறப் போர்ட் வகை) பழ மணம் விரைவில் மங்கி, சுவை தட்டையாகிவிடும். திறந்த நாளிலிருந்தே அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். பாதி தீர்ந்ததும் சிறிய போத்தலுக்கு மாற்றினால் உள்ளே நிற்கும் காற்று குறையும். மரப்பீப்பாயில் முதிர்ந்த டோனி போர்ட் இன்னும் சற்று நாள் தாங்கும். போர்ட்டுக்குப் பதிலாக, மூலிகைகள் ஊறிய வைனான சிவப்பு வெர்மூத் வாங்கியவர்களுக்கும் இதே விதிதான்.

அடுத்தது சீனி. ரூபி போர்ட்டில் லீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம் சீனி உண்டு. அதாவது 30 மில்லிலீற்றர் ஊற்றும்போதே முக்கால் தேக்கரண்டி அளவு உள்ளே போய்விடுகிறது. அதன்மேல் கித்துள் பாணியையும் தாராளமாக விட்டு, திகட்டியதும் தேசிக்காயைப் பிழிந்து சரிசெய்யப் பார்ப்பார்கள். பிறகு புளிப்பு தூக்கலாகிவிட்டதென்று மறுபடியும் பாணி. இந்தப் பானத்தின் இனிப்பை அடக்க வேண்டியது கசப்பே அன்றிப் புளிப்பு அல்ல. 45 மில்லிலீற்றர் முதிர்ந்த ரம், அதில் பாதியளவு போர்ட், இரண்டு சொட்டு அங்கோஸ்துரா பிற்றர்ஸ் (மூலிகைகள் ஊறிய கசப்புச் சாறு), மேலே எண்ணெய் தெறிக்கும்படி முறுக்கிய ஒரு கீற்றுத் தோடம்பழத் தோல் ஆகியவை போதும். கித்துளின் மணம் வேண்டுமென்றே விரும்புபவர் கால் தேக்கரண்டியை, ஐஸ் போடுவதற்கு முன்பே, ரம்மில் கரைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த பின் விட்டால் அது அடியில் போய்ப் படிந்துவிடும்.

ரம்முக்குப் பதிலாகத் தென்னஞ் சாராயத்தை ஊற்றுவதும் இங்கே வழக்கம். கரும்புப் பாகிலிருந்து வரும் ரம்மின் மணமும் கள்ளிலிருந்து வரும் சாராயத்தின் மணமும் வேறு என்பதால், அது வேறொரு பானமாகிவிடும். கெட்ட பானம் என்று சொல்லமாட்டேன்.

ஐஸ் விடயத்தில் அநேகமாக எல்லோரும் அசட்டையாக இருக்கிறார்கள். பொரித்த நெத்தலியும் சம்பலும் மூடாமல் கிடக்கும் பெட்டியில் நாட்கணக்காக இருந்த ஐஸ், அந்த வாடையைக் கிளாஸுக்குள் கொண்டுவந்துவிடும். உருகத் தொடங்கிய சிறு துண்டுகள் நீரை அளவுக்கு மீறிச் சேர்க்கும். பெரிய, காய்ந்த கட்டிகளைப் போட்டு இருபது முப்பது விநாடிகள் கரண்டியால் கலக்கிய பின், குளிரவைத்த சிறு கிளாஸில் வடித்துக்கொள்வதே முறை. பழச்சாறு சேராத இந்தக் கலவையைக் குலுக்கினால் நுரைத்துக் கலங்கிப்போகும்.

இனிப்பு இருப்பதால் பலம் குறைவு என்று எண்ணிக் கிளாஸை நிரப்பிக் கொடுப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஐஸ் உருகிச் சேர்ந்த பிறகும் மேற்சொன்ன கலவையில் ஏறத்தாழ கால்பங்கு மதுசாரம் இருக்கும். சாதாரண வைனைப் போல அது இருமடங்கு வலியது. அதைக் குடித்த விருந்தினர் முச்சக்கர வண்டியில் வீடு போகட்டும்.

போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதால், மறுநாள் விருந்துக்கு முன்கூட்டியே வாங்கிக் கலந்துவைக்க நினைப்பவர்கள் ஐஸ் இல்லாமல் கலந்து, மொத்த அளவில் கால்பங்குக்குச் சமமான குடிநீரைச் சேர்த்து, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பரிமாறும்போது கலக்க வேண்டியதில்லை. தோடம்பழத் தோலை மட்டும் அப்போது சீவிக்கொண்டால் சரி.