சியான்சியா கதை எழுதப் போகிறீர்களா? இந்த இடங்களில் சறுக்காதீர்கள்

சீனக் கல்டிவேஷன் கதைகளை, அதாவது மனிதன் பயிற்சியால் படிப்படியாகச் சாகாநிலை நோக்கிப் போகும் சியான்சியா வகையை, ராத்திரி பகலாக வாசித்துவிட்டு நாமும் ஒன்று எழுதலாமே என்று தோன்றுவது இயல்புதான். தாராளமாக எழுதுங்கள். ஆனால் நிலைகளை வீடியோ கேம் லெவலாக மட்டும் நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலான கதைகள் செத்துப்போவது அங்கேதான்.

அந்த நிலைகளின் வழக்கமான ஏணி இதுதான்: லியன்ச்சி (ச்சி எனும் உயிராற்றலைப் பழக்குவது), ஜூஜி (அடித்தளம் இடுவது), ஜின்தான், யுவான்யிங், அப்புறம் ஹுவாஷென் (ஆன்மாவாக மாறுவது). ஹீரோ மூன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்குப் போனான், பலம் பத்து மடங்கு ஆனது என்று எழுதினால் எண் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. இந்தப் பெயர்கள் தாவோயிசம் என்ற சீனச் சமயத்தின் உள் ரசவாத மரபைத் தொட்டு வந்தவை. உலையில் காய்ச்சும் சாகா மருந்தைத் தன் உடம்பையே உலையாக்கி உள்ளே விளைவிக்கலாம் என்பது அந்த மரபின் எண்ணம். ஜின்தான் என்றால் பொன் மருந்து. அது முற்றிப் பிறக்கும் குழந்தைதான் யுவான்யிங். ஆகவே படி ஏறுவது என்றால் மனிதன் வேறொன்றாக ஆவது, அதை வாசகர் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இவன் என்ன சாப்பிடுகிறான், எத்தனை வருடம் வாழ்வான், எப்படிச் சாவான்? பல கதைகளில் ஜூஜியை எட்டியவனுக்குச் சோறே தேவையில்லை. இதற்குப் பிகு என்று பெயர், தானியத்தை விலக்கும் இந்தப் பயிற்சி தாவோயிசத்தில் உண்மையாகவே உண்டு. சரி, முப்பது வருடம் கழித்து மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறான், தலை நரைத்த அம்மா ஆசையாகக் கஞ்சி காய்ச்சி வைக்கிறாள், இவனுக்கோ பசி என்பதே மறந்துபோயிருக்கிறது, தங்கையோ இவனைவிட மூத்தவளாகத் தெரிகிறாள். ஒரு சண்டை கூட இல்லாமல் அவன் எவ்வளவு உயரம் போய்விட்டான் என்பது புரிந்துவிடும். அதேபோல யுவான்யிங் நிலையில் உடம்பு அழிந்தாலும் அந்தக் குழந்தை வடிவ ஆன்மா தப்பி ஓடி இன்னொருவர் உடம்பைப் பறித்துக்கொள்ளலாம். அப்படியானால் எதிரியின் தலையை வெட்டினால் சண்டை முடியாதே, அங்கேதானே தொடங்குகிறது! இந்த விதியை வைத்துக்கொண்டு பழைய மாதிரியே வாளை வீசும் காட்சி எழுதுவது பெரிய வீணடிப்பு.

அடுத்தது நீட்டல். சின்ன ஊர், பிரிவு (பயிற்சி செய்பவர்களின் குருகுலம்), பேரரசு, மேலுலகம், அதற்கும் மேலுலகம் என்று போய்க்கொண்டே இருப்பதும், நேற்று ஊரையே நடுங்கவைத்த பெரியவர் இன்று வாசல் காவலாளிக்குச் சமமாவதும் நமக்குப் பழகிவிட்டது. சீனத்தில் இதற்குப் பணக் காரணமும் உண்டு: ச்சிதியன் என்ற இணையக் கதைத் தளம் 2003-இல் கட்டண முறையைக் கொண்டுவந்து ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தது, கதை நீள நீள எழுதுபவருக்கு வருமானம். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்றால் இரண்டாயிரம் அத்தியாயம் எதற்கு?

வில்லனாக வரும் பணக்கார வீட்டு இளவலை வெறும் முட்டாளாக்காதீர்கள். அவன் சண்டைக்கு வருவது மியன்ஸிக்காக, அதாவது நாலு பேர் முன்னால் முகம் காப்பாற்றிக்கொள்ள. அவன் தலைகுனிந்தால் அவன் குலத்தின் பேச்சை நாளை சந்தையில் எவனும் மதிக்க மாட்டான். அந்தக் கணக்கு தெரிந்தால் அவன் தவறுக்கும் ஒரு நியாயம் வந்துவிடும். பெண் பாத்திரங்களுக்கும் இதே பேச்சுதான், பளிங்கு முகமும் வெள்ளை உடையும் போதாது, அவளுக்கும் அடைய ஒரு நிலை வேண்டும்.

நம் ஆட்கள் மட்டும் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. உடம்பில் ச்சி சேரும் இடமான தன்டியனைச் சக்கரம் என்றும் ச்சியைக் குண்டலினி என்றும் மாற்றிவிடுவது. போகர் சீனம் போனார் என்ற சித்தர் மரபுக் கதை நமக்கு இருப்பதால் இந்த ஆசை வருவது புரிகிறது. ஆனால் மரபாகச் சொல்லப்படும் தன்டியன் மூன்றுதான், தொப்புளுக்குக் கீழே, நெஞ்சில், புருவ நடுவில். அது ஆற்றலைச் சேர்த்துவைக்கும் இடம். குண்டலினியோ மூலாதாரத்திலிருந்து எழுப்பி மேலே ஏற்றுவது. இரண்டையும் குழைத்தால் உங்கள் கதையின் விதிகளே ஒன்றோடொன்று மோதும்.

கடைசியாக, பேச்சு. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்ததை அப்படியே தமிழாக்கி ‘நீ மரணத்தை நாடுகிறாய்’ என்று எழுதாதீர்கள், ‘சாக ஆசையா உனக்கு?’ என்று கேட்டால் போதும். ஷிஷியோங் என்பதை ‘மூத்த சகோதர சீடர்’ ஆக்கவும் வேண்டாம், நமக்கு ‘அண்ணா’ இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பல பிரிவுகளில் வயதைப் பார்ப்பதில்லை, குருவிடம் யார் முதலில் சேர்ந்தார் என்றுதான் பார்க்கிறார்கள், நாற்பது வயதுக்காரர் பதினைந்து வயதுப் பையனை அண்ணா என்று கூப்பிடும் காட்சியை எழுதிப் பாருங்கள்.