கேரவனிலிருந்து வெளியே கரண்ட் எடுக்க

கானாடுகாத்தான் பக்கம் கேரவனை நிறுத்தி, வெளியே ஃபேனும் லைட்டும் போட வேண்டுமா? ஜன்னல் வழியாக ஒயரை இழுக்காதீர்கள், இடுக்கில் நசுங்கி உறை கிழிந்துவிடும். வண்டியின் பக்கவாட்டில் மூடி போட்ட, மழைத்தண்ணீர் புகாத சாக்கெட்டைப் பொருத்தி, அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்), ஒயரின் தடிமனுக்கேற்ற எம்.சி.பி.யும் (லோடு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? அதன் நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் இருந்தால், ஷாக் அடித்தாலும் ஆர்.சி.சி.பி. விழாமல் போகலாம், டெஸ்ட் பட்டனுக்கு மட்டும் டக்கென்று விழுந்து நம்மை ஏமாற்றும். இன்வெர்ட்டர் மேனுவலைப் பார்த்து எலக்ட்ரீஷியனையே சரிசெய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், ரீல் ஒயரை முழுக்கப் பிரித்துவிடுங்கள், சுற்றியபடியே இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் உள்ளே சூடேறி உருகும். ஐப்பசி மழையில் செம்மண் சேறாகிவிடும், இணைப்பைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.