நீரிழிவுப் பராமரிப்பு யாரைத் தவறவிடுகிறது? பதிவேட்டைக் கொண்டு கண்டறியும் முறை

ஒரு மருத்துவ நிலையத்தின் நீரிழிவுப் பிரிவு எப்படி இயங்குகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் விடையாக வரும்: இத்தனை சதவீத நோயாளிகளுக்கு எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) 7 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது என்பது. அந்த எண் பொய்யல்ல. ஆனால் நல்ல பராமரிப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அது சொல்வதில்லை. வருமானம், மொழி, கல்வி, பாலினம், வயது, வீட்டுக்கும் மருத்துவ நிலையத்துக்கும் உள்ள தொலைவு ஆகியவற்றுக்கு ஏற்ப பராமரிப்பின் தரம் கூடிக் குறைகிறதா என்பதை, ஒரு விரிதாளையும் பொறுமையுள்ள ஒருவரையும் வைத்துக்கொண்டு எந்தச் சிறிய நிலையமும் கண்டறியலாம்.

முதலில் பட்டியல். கடந்த ஓராண்டில் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிடுவதே எங்கும் காணப்படும் தவறு. நீரிழிவு உறுதிசெய்யப்பட்டு, இன்னும் உங்கள் நிலையத்தின் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் பட்டியலில் இருக்க வேண்டும். இதற்கு நோயாளி பதிவேட்டோடு மருந்து வழங்கிய குறிப்பையும் ஆய்வகப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் விடுபட்ட பெயர் மற்றொன்றில் அகப்படும்.

அடுத்தது, எதை அளப்பது என்பது. எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டுவதால், நிலையாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரு முறையும், சிகிச்சை மாற்றப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் செய்திருக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், இரத்தக் கிரியாட்டினின் ஆகியவற்றோடு விழித்திரை, பாதம் ஆகியவற்றைப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடிக்கும் பழக்கம் ஆகியவை பற்றிய குறிப்பும் வேண்டும். இவை செய்தோமா இல்லையா என்ற கணக்கு. பலன் கிடைத்ததா என்பது வேறு கணக்கு. உலக சுகாதார அமைப்பு 2022-இல் வகுத்த இலக்குகளின்படி, 2030-க்குள், கண்டறியப்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 80 சதவீதத்தினருக்குச் சர்க்கரையும், 80 சதவீதத்தினருக்கு இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்து கிடைக்க வேண்டும். இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். பாதத்தைப் பார்க்காமல் விட்டது முழுக்க நம் குறை. சர்க்கரை குறையாததில் மருந்தின் விலை, வேலை நேரம், உணவு எனப் பலவற்றுக்கும் பங்கு உண்டு.

மக்கட்பிரிவைக் குறிக்கும்போது, பெயரையோ தோற்றத்தையோ வைத்து ஊகித்து எழுதுவது கூடாது. எந்த மொழியில் பேசினால் எளிதாகப் புரியும், மருந்துச் சீட்டைத் தாமே படிப்பாரா, வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடைக்குமா, வந்து சேர எவ்வளவு நேரமாகிறது ஆகிய நான்கு கேள்விகளை நோயாளியிடமே கேட்டுப் பதிவுசெய்தால் போதும். ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் விடை சரியாக வராது.

இனிக் கணக்கு. புரிதலுக்காக ஓர் உதாரணம். கடந்த ஆண்டு வந்தவர்கள் 400 பேர். அவர்களில் 280 பேருக்குப் பாதப் பரிசோதனை நடந்திருக்கிறது. 70 சதவீதம் என்றதும் மனம் நிறைந்துவிடும். இப்போது அதே 400 பேரைப் பிரித்துப் பாருங்கள். நிலையத்தில் பேசப்படும் மொழியை நன்கு அறிந்தவர்கள் 300 பேரில் 240 பேருக்கு, அதாவது 80 சதவீதத்தினருக்கு, நடந்திருக்கிறது. அறியாதவர்கள் 100 பேரில் 40 பேருக்கே நடந்திருக்கிறது. இடைவெளி 40 புள்ளி. கணக்கு இதோடு முடியவில்லை. ஓராண்டாக வராதவர்கள் 120 பேர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் 80 பேர் மொழி அறியாதவர்கள். அவர்களையும் பகுதி எண்ணில் (சதவீதம் காண வகுக்கும் கீழ் எண்ணில்) சேர்த்தால், முதல் பிரிவு 340-க்கு 240, ஏறத்தாழ 71 சதவீதம். இரண்டாம் பிரிவு 180-க்கு 40, ஏறத்தாழ 22 சதவீதம். மொத்தச் சராசரி 54-க்கு இறங்குகிறது. இடைவெளியோ 48 புள்ளிக்கு ஏறுகிறது. பகுதி எண்ணில் யாரை வைத்தோம் என்பதுதான் ஏற்றத்தாழ்வைக் காட்டவோ மறைக்கவோ செய்கிறது என்பேன். தொகுதி எண்ணை (மேல் எண்ணை)த் திருத்துவதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு பிரிவில் 12 பேரே இருந்தால், ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் எண் 8 புள்ளி நகரும். அத்தகைய பிரிவுக்குச் சதவீதம் எழுதாமல் ஆட்களின் எண்ணிக்கையையே எழுதுங்கள், அல்லது இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிரிவினரை மற்றப் பிரிவில் அதே வயதில் இருப்பவர்களோடு ஒப்பிடுவதும் தேவை.

எண்ணை நம்புவதற்கு முன், அந்த எண் பிறந்த இடத்துக்குப் போய் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும். பாதப் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று அறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் தோலில் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை அழுத்தி, ஏறத்தாழ ஒரு நொடி வைத்து எடுக்க வேண்டும். நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் “தெரிகிறதா?” என்று கேட்டால், மொழி சரியாகப் புரியாதவரும் மரியாதைக்காகப் பேசாதவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். இழை தொடும் நேரத்தை ஒழுங்கில்லாமல் மாற்றி, நடுவில் தொடாமலேயே ஒரு முறை கேட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்படும். உணர்விழந்த பாதம் “இயல்பு” என்று பதிவாகிவிட்டால், அந்தப் பிழை எந்த விரிதாளிலும் தெரியாது. எச்பிஏ1சி-யிலும் இதுபோன்ற ஒன்று உண்டு: இரும்புச்சத்துக் குறைபாடு அதை உண்மைக்கு மேல் காட்டக்கூடும், சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்கள் குறைத்துக் காட்டும். இவை மிகுந்த பிரிவில் விரல்நுனிச் சோதனையின் அளவுகளையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

இடைவெளி உறுதியானால், அது எந்தப் படியில் விழுகிறது என்று தேட வேண்டும். விழித்திரைக்குப் பரிந்துரை எழுதப்பட்டதா, தேதி கிடைத்ததா, போனாரா, படம் பார்க்கப்பட்டதா, சிகிச்சை தொடங்கியதா என ஒவ்வொரு படிக்கும் பிரிவுவாரியாக எண்ண வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து சில மணி நேரம் பார்வையை மங்கச் செய்வதால், நாட்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். தேதி கொடுத்தும் போகாததற்கு அலட்சியம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சொட்டு மருந்தின்றிப் படமெடுக்கும் கருவியை வழக்கமான வருகை நாளிலேயே பயன்படுத்தினால் அந்தப் படி தானே சரியாகும்.

இன்னொரு படி மருத்துவரின் மேசையிலேயே இருக்கிறது. அடுத்தடுத்து இரு முறை எச்பிஏ1சி 9-ஐத் தாண்டியும் மருந்தோ அளவோ மாறாதவர்கள் எத்தனை பேர் என்று பிரிவுவாரியாக எண்ணிப் பாருங்கள். இதைப் பலரும் எண்ண விரும்புவதில்லை. “சொன்னால் கேட்கமாட்டார்” என்ற எண்ணம் ஏழை நோயாளி மீது எவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்கிறது என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். மருந்தைக் கூட்டுவதற்கு முன், மாதக் கடைசியில் மருந்து தீர்ந்துபோகிறதா, பாதி மாத்திரையாக உடைத்துப் போடுகிறாரா என்று குற்றஞ்சாட்டும் தொனியின்றிக் கேளுங்கள். ஆம் என்றால், விலை குறைந்த மாற்று மருந்தே சிகிச்சை.

எல்லாவற்றையும் ஒருசேர மாற்ற முயலாமல், இடைவெளி மிகப் பெரிதாக உள்ள ஒரு படியைத் திருத்தி, ஆறு மாதம் கழித்து அதே விதியின்படி மறுபடி எண்ண வேண்டும். அப்போது பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும்: இறந்தார், வேறு மருத்துவரிடம் போய்விட்டார், நீரிழிவு இல்லை என்று உறுதியானது. “வரவில்லை” என்பதைக் காரணமாக ஏற்றுக்கொண்டால், ஒருவர் பாதத்தைக்கூடப் புதிதாகப் பார்க்காமல் சதவீதம் உயர்ந்துவிடும்.