இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? முறைப்படி செய்ய வேண்டியவை

பேரீச்சம்பழம், பீட்ரூட், டானிக் என்று வாங்கிக் குவிக்கும் முன் ரத்தப் பரிசோதனைத் தாளை முழுதாகப் படியுங்கள்.

படி 1: தாளைப் படிப்பது

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அடுத்து எம்சிவி வரியைப் பாருங்கள். அது சிவப்பணுவின் அளவு. 80க்குக் கீழ் என்றால் இரும்பின் மேல் சந்தேகம். 100க்கு மேல் என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலத்தின் மேல். இரண்டு குறையும் சேர்ந்திருந்தால் எம்சிவி நார்மல் போலக் காட்டி ஏமாற்றும். எம்சிவி குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் சாயல் இருக்கலாம். அதற்கு இரும்பு மருந்தல்ல.

படி 2: ஃபெரிட்டின்

சீரம் அயர்ன், அதாவது ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு, ஒரே நாளில் ஏறி இறங்கும். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை போதும். 30க்குக் கீழ் என்றால் உடலின் இரும்புக் கையிருப்பு காலி என்று பொருள். காய்ச்சல், மூட்டு வீக்கம் இருக்கும்போது எடுத்தால் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

படி 3: மாத்திரை

அட்டையில் 'எலிமென்டல் அயர்ன்' எவ்வளவு என்று தேடுங்கள். 200 மி.கி. உலர் ஃபெரஸ் சல்ஃபேட்டில் உண்மையான இரும்பு ஏறக்குறைய 65 மி.கி.தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. விலை உயர்ந்தவற்றைத் தேடி ஓட வேண்டாம். மெதுவாகக் கரையும் வகையைத் தவிருங்கள். இரும்பை உறிஞ்சும் முன்சிறுகுடலைத் தாண்டிய பிறகே அது கரையும்.

படி 4: எப்போது போடுவது

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாள் இரும்பு உள்ளே போகும் வழியை அடைக்கிறது. அதனால் காலை ஒன்று, இரவு ஒன்று போட்டால் இரண்டாவது பெரும்பாலும் வயிற்றைத்தான் கெடுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று போதும். கர்ப்பிணிகளும் ரத்தம் மிகக் குறைந்தவர்களும் மட்டும் மருத்துவர் சொன்ன கணக்கை மாற்றக் கூடாது.

வெறும் வயிற்றில், தண்ணீரோடோ எலுமிச்சைச் சாறோடோ போடுங்கள். காபி, டீ, பால் எதுவும் முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் கூடாது. காலையில் காபி இல்லாமல் கண் திறக்காத வீடுகளில் இது நடக்காது. எட்டு மணிக்கே டிபனும் காபியும் முடிந்தால் 11 மணி நல்ல நேரம். கால்சியம் மாத்திரையை இரவுக்குத் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அல்சர் மாத்திரை தினமும் போடுவோருக்கு இரும்பு சரியாக ஏறாது, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குமட்டினால் சாப்பாட்டோடு போடலாம். கொஞ்சம் குறைவாக ஏறும், ஆனால் நிறுத்துவதைவிட மேல். மலம் கருப்பாவது இயல்பு. தார் போல ஒட்டி, கடும் நாற்றம் அடித்தால் அது ரத்தம், உடனே காட்டுங்கள்.

படி 5: நான்கு வாரம் கழித்து

ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் எங்காவது ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும்: அதிக மாதவிடாய், மூலம், குடற்புண், கொக்கிப்புழு. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தாலே குடலைப் பரிசோதிக்க வேண்டும், மாத்திரையோடு விடக்கூடாது. நார்மலுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடருங்கள். பலரும் அன்றே நிறுத்திவிட்டு அடுத்த வருடம் பழைய இடத்துக்கே வருகிறார்கள்.

பின்சேர்க்கை: முருங்கைக்கீரை மட்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தடுக்க உதவும், காலியான கையிருப்பை நிரப்பாது. சைவர்களும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களும் பி12ஐயும் பாருங்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தம் தேறும், ஆனால் நரம்பு கெட்டுப் பாதத்தில் மரமரப்பு வளரும். மாத்திரை அட்டையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.