நடத்தையியலைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியலையும் மனத்தைப் பற்றிய சொற்களையும் நடத்தையை வைத்தே அணுகும் கொள்கைகளின் பொதுப்பெயர் நடத்தையியல். அதற்கு எழுதப்படும் அறிமுகங்கள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். மனம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார்கள் நடத்தையியலாளர்கள். உளவியலாளர் ஸ்கின்னரின் மொழி பற்றிய நூலுக்கு 1959இல் மொழியியலாளர் சாம்ஸ்கி எழுதிய ஒரு மதிப்புரையோடு அவர்கள் கதை முடிந்தது. இரண்டுமே தவறு. வெவ்வேறு கேள்விகளுக்கு வெவ்வேறு ஆட்கள் சொன்ன விடைகளை ஒரே பெயரின் கீழ்க் கொட்டிவிடுவதால்தான் இத்தகைய தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. யார், எந்த ஆண்டில், எந்தக் கேள்விக்கு விடையாகச் சொன்னார் என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எல்லா நடத்தையியலும் ஒன்றே என்று நினைப்பது

குறைந்தது மூன்று கொள்கைகள் இந்தப் பெயரில் உலவுகின்றன. முதலாவது, ஆய்வு முறை பற்றியது. 1913இல் அமெரிக்க உளவியலாளர் வாட்சன் வெளியிட்ட கட்டுரை, உளவியலை இயற்கை அறிவியலின் புறவயமான ஒரு கிளை என்றது. நடத்தையை முன்கூட்டிச் சொல்வதும் கட்டுப்படுத்துவதும்தான் அதன் இலக்கு, ஒருவர் தன் உள்ளனுபவத்தைத் தானே கவனித்துச் சொல்லும் அகநோக்கு முறைக்கு அதில் இடமில்லை என்றது. இதற்கு அன்று வலுவான காரணம் இருந்தது. மனப்பிம்பம் எதுவும் இல்லாமல் சிந்தனை நடக்குமா என்பது பற்றி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ஒன்று சொன்னார்கள், அமெரிக்காவில் டிச்சனர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். ஒருவர் தனக்குள் கண்டதை இன்னொருவர் சோதிக்க வழியில்லை என்பதால் அந்தச் சண்டை முடிவில்லாமல் நீண்டது.

இரண்டாவது, ஸ்கின்னரின் தீவிர நடத்தையியல். ‘தீவிர’ என்ற அடைமொழியைப் பார்த்ததும், வாட்சனைவிட ஒரு படி மேலே போய் உள்ளனுபவத்தையே மறுத்தவர் ஸ்கின்னர் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மை நேர் எதிர். 1945இல் வெளியான கட்டுரையிலேயே அவர் பல்வலி போன்ற தனிப்பட்ட நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு மட்டுமே எட்டும் அந்த நிகழ்வுகளுக்குப் பெயர் வைக்கச் சமூகம் எப்படிக் கற்றுக்கொடுக்கிறது என்று ஆராய்ந்தார். வெளியே தெரிவதை மட்டும் ஆராய்ந்து மற்றதை ஒதுக்கிவைக்கும் போக்கைத்தான் அவர் குறை சொன்னார். அவர் மறுத்தது விளக்கம் என்ற பெயரில் நடக்கும் ஒரு வட்டச் சுழற்சியை: ஏன் தண்ணீர் குடிக்கிறான்? தாகம். தாகம் என்று எப்படித் தெரியும்? தண்ணீர் குடிக்கிறானே! தாகம் இல்லை என்பதல்ல அவர் வாதம். எத்தனை மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தான் என்ற கேள்விக்குப் போகாமல் ‘தாகம்’ என்பதோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான்.

மூன்றாவது, மெய்யியலைச் சேர்ந்தது. மனத்தைப் பற்றிய சொற்களுக்கு என்ன பொருள் என்பது அதன் கேள்வி. 1930களில் கார்னப்பும் ஹெம்பலும், சற்றே வேறு வழியில் 1949இல் ரைலும் விடை தேடியது இதற்குத்தான். இதற்கு எலியோ புறாவோ தேவையில்லை. ‘அவனுக்குப் பல் வலிக்கிறது’ என்ற கூற்றை, பொருள் கெடாமல், உடலையும் நடத்தையையும் பற்றிய கூற்றுகளாக மாற்றி எழுத முடியுமா என்று பார்த்தால் போதும்.

உளவியலுக்குள்ளேயே இன்னும் வேறுபாடுகள் உண்டு. ஹல் தன் கணிதச் சூத்திரங்களில் நேரில் காண முடியாத உந்துதல், பழக்க வலிமை போன்ற இடைநிலை மாறிகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். நோக்கத்தையும், இடத்தைப் பற்றி மனத்தில் உருவாகும் அறிதல் வரைபடத்தையும் பற்றி எழுதிய டோல்மனும் தன்னை நடத்தையியலாளர் என்றே சொல்லிக்கொண்டார். 1930இல் அவரும் ஹான்சிக்கும் எலிகளை மூன்று குழுக்களாகப் பிரித்துப் புதிர்வழியில் விட்டார்கள். முதல் பத்து நாள் உணவே கிடைக்காமல் சுற்றித் திரிந்த ஒரு குழு, 11ஆம் நாள் உணவு வைக்கப்பட்டதும், தொடக்கம் முதலே உணவு பெற்ற எலிகளின் திறனைச் சட்டென்று எட்டிவிட்டது. பரிசு இல்லாமலேயே கற்றல் நடந்திருக்கிறது என்பதால் இதை ‘நடத்தையியலுக்கு விழுந்த அடி’ என்று எழுதுவோர், அடித்தவரும் ஒரு நடத்தையியலாளர்தான் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

‘தூண்டல்–துலங்கல் கோட்பாட்டாளர் ஸ்கின்னர்’ என்ற வரியையும் நீக்கிவிடுங்கள். செயல்சார் நடத்தையை, அதாவது உயிரி தானாகச் செய்யும் செயலை, முன்னால் வரும் தூண்டல் எதிர்வினையாக (துலங்கலாக) இழுத்து வருவதில்லை. அதன் விளைவுதான் அடுத்த முறை அது நிகழும் வாய்ப்பைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. சூழல், செயல், விளைவு என்ற மூன்று உறுப்புகளும் இல்லாமல் அவருடைய பகுப்பாய்வு நிற்காது.

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது

எல்லாத் தவறுகளிலும் பரவலானது இதுவே. இதைத் தவிர்க்க, எந்த நிகழ்வையும் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். கேள்விகளின் வரிசை முக்கியம். முதலில், அந்த விளைவுக்குப் பிறகு, நாளடைவில் செயல் கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அடுத்து, செயலைத் தொடர்ந்து ஏதாவது சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா? சேர்க்கப்பட்டால் நேர்மறை, நீக்கப்பட்டால் எதிர்மறை. காரில் இருக்கைப் பட்டையை மாட்டியதும் எச்சரிக்கை ஒலி நிற்கிறது, அதனால் பட்டை மாட்டும் பழக்கம் கூடுகிறது: எதிர்மறை வலுவூட்டல். தம்பியை அடித்த பிள்ளையிடமிருந்து விளையாட்டுப் பொருளை எடுத்துவிட, அடிப்பது குறைகிறது: எதிர்மறைத் தண்டனை. நல்லது, கெட்டது என்ற தீர்ப்புக்கு இந்தப் பெயர்களில் இடமே இல்லை.

யாருடைய செயலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனிப்பு கேட்டு அழும் குழந்தைக்கு அம்மா இனிப்பைக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. குழந்தையின் அழுகைக்கு இங்கே நேர்மறை வலுவூட்டல் கிடைத்தது. அம்மாவின் இனிப்புக் கொடுக்கும் செயலுக்கு எதிர்மறை வலுவூட்டல் கிடைத்தது. ஒரே நிகழ்வில் இருவருமே பயிற்றுவிக்கப்பட்டுவிட்டார்கள். இருவரையும் பிரிக்காமல் ‘இது எந்த வகை?’ என்று கேட்டால் சரியான விடையே கிடையாது.

கொடுப்பவரின் எண்ணத்தை வைத்து வகைப்படுத்துவது இதன் உடன்பிறந்த தவறு. வகுப்பில் குறுக்கே பேசும் மாணவனை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் கண்டிக்கிறார். பேச்சு கூடிக்கொண்டே போகிறது. ஆசிரியர் தண்டிப்பதாக நினைத்தாலும், அந்த மாணவனுக்கு அது வலுவூட்டியாகவே வேலை செய்கிறது. ஆகவே எண்ணிப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. எதையும் மாற்றுவதற்கு முன் சில நாள்கள், ஒரே நேர அளவுக்குள் அந்தச் செயல் எத்தனை முறை நிகழ்கிறது என்று குறித்துவையுங்கள். அந்த அடிநிலை இல்லையென்றால் ‘கூடியது’, ‘குறைந்தது’ என்ற சொற்களுக்கு ஆதாரமே இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். செயலைக் கூட்டுவதுதான் வலுவூட்டி என்றால், ‘வலுவூட்டி செயலைக் கூட்டும்’ என்பது வெறும் வட்டப் பேச்சு ஆகாதா? 1950இல் மீல் இதற்குப் பயனுள்ள விடை தந்தார். ஒரு செயலை வைத்து வலுவூட்டி என்று கண்டறிந்த பொருள், வேறு செயல்களையும் கூட்ட வேண்டும். அந்த இரண்டாம் கணிப்பு பொய்க்கவும் கூடும் என்பதால் வட்டம் உடைந்துவிடுகிறது.

வலுவூட்டலை நிறுத்தினால் செயல் மெல்ல மெல்ல அணைந்துவிடும் என்று எழுதுவதும் அரைகுறையே. நிறுத்திய தொடக்கத்தில் பல வேளைகளில் செயல் இன்னும் அடிக்கடி, இன்னும் கடுமையாக வெடித்துவிட்டுத்தான் இறங்கும். அந்த வெடிப்பைத் தாங்காமல் பெற்றோர் விட்டுக்கொடுத்தால், முன்பைவிட உரத்த அழுகைக்கு வலுவூட்டியதாகிவிடும். அதோடு அது விட்டுவிட்டுக் கிடைக்கும் வலுவூட்டலாகவும் மாறுவதால், பிறகு அணைப்பது இன்னும் கடினம். அணைந்தது அழிந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். அணைந்த துலங்கல் சற்று இடைவெளிக்குப் பின் தானாகத் திரும்பி வருவதை, நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பை ஆராய்ந்த பாவ்லவே பதிவு செய்திருக்கிறார்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மிகைக் கூற்று உண்டு: ‘பரிசு கொடுத்தால் உள்ளார்வம் செத்துவிடும்.’ 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வில், ஏற்கெனவே ஓவியம் வரைவதில் ஆர்வம் காட்டிய குழந்தைகளில், பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைக்கப்பட்டவர்களிடம்தான் பிறகு ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு ஆய்வை மேற்கோள் காட்டுவது சரியல்ல.

தேய்ந்துபோன கதைகள்

பாவ்லவ் நடத்தையியலாளர் அல்லர், உடலியங்கியலாளர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. மணியோசைக்கு நாய் உமிழ்நீர் சுரக்கும் கதையில் வருவதுபோல் மணியை மட்டுமே அவர் நம்பியிருக்கவில்லை. தாளமானி உட்படப் பல தூண்டல்களைப் பயன்படுத்தினார்.

அச்சத்தைக் கற்பிக்க முடியுமா என்று வாட்சன் சோதித்த குழந்தை ஆல்பர்ட் ஆய்வு (1920) ஒரே ஒரு குழந்தையிடம் நடந்தது. வெள்ளை எலியைக் காட்டும்போது பின்னாலிருந்து எஃகுக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். உண்டாக்கிய அச்சத்தை நீக்கவே இல்லை. அறத்தைப் பொறுத்தவரை அது பெரும் பிழை, சான்றாகவும் மெலிந்தது. அச்சத்தைப் போக்கும் முறைக்கு 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்ற சிறுவனிடம் செய்த பணியைத்தான் காட்ட வேண்டும். முயலைத் தொலைவில் வைத்து, சிறுவன் விரும்பி உண்ணும் நேரத்தில் படிப்படியாக அருகே கொண்டுவந்தார்கள்.

பன்னிரண்டு குழந்தைகளைக் கொடுத்தால் எவரையும் மருத்துவராகவோ திருடராகவோ ஆக்கிக்காட்டுவேன் என்ற வாட்சனின் வரி எங்கும் காணக் கிடைக்கும். அடுத்த வரியிலேயே, தரவுகளைத் தாண்டிப் பேசுகிறேன் என்று அவரே ஒப்புக்கொண்டதைப் பலரும் வெட்டிவிடுகிறார்கள். ஸ்கின்னர் மகளைச் சோதனைப் பெட்டியில் வளர்த்தார் என்பதும் பொய். அது வெப்பம் சீராக்கப்பட்ட, முன்பக்கம் கண்ணாடி வைத்த ஒரு தொட்டில்.

ஆக்கநிலையிறுத்தம் என்றால் இரண்டைச் சேர்த்துக் காட்டுவதுதான் என்று நினைப்பது

ஆக்கநிலையிறுத்தம் என்பது பாவ்லவின் நாய்கள் கற்றதைப் போன்ற கற்றல். அதற்கு இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தால் போதும், கற்றல் நடந்துவிடும் என்ற விளக்கம் 1960களிலேயே காலாவதியாகிவிட்டது. 1968இல் ரெஸ்கோர்லா எலிகளுக்கு ஒலியின்போது மின்னதிர்ச்சி வரும் வாய்ப்பையும், ஒலி இல்லாதபோது வரும் வாய்ப்பையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தார். இரண்டும் சமமாக இருந்தபோது, ஒலியும் அதிர்ச்சியும் எத்தனையோ முறை சேர்ந்து வந்தும் ஒலிக்கு எலிகள் அஞ்சக் கற்கவில்லை. கற்றலுக்கு அடிப்படை, ஒன்று மற்றொன்றைப் பற்றித் தரும் தகவல். ஏற்கெனவே ஒரு விளக்கு அதிர்ச்சியை முழுமையாக அறிவித்துவிட்டால், அதனுடன் புதிதாகச் சேர்க்கும் ஒலி எதையும் கற்பிப்பதில்லை என்று கமின் காட்டியதும் இதே திசையில்தான்.

எந்தத் தூண்டலையும் எந்தத் துலங்கலோடும் பிணைக்கலாம் என்பதும் நிற்கவில்லை. 1966இல் கார்சியாவும் கோலிங்கும் செய்த ஆய்வில், எலிகள் சுவையைக் குமட்டலோடு எளிதில் இணைத்தன. ஒளியையும் ஒலியையும் மின்னதிர்ச்சியோடு இணைத்தன. மாற்றிப் போட்டால் கற்றல் நடக்கவில்லை.

இவற்றை ‘நடத்தையியலின் வீழ்ச்சி’ என்று மட்டும் படித்தால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். 1972இல் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் இந்த முடிவுகளை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் ஒரு சமன்பாடாக வடித்தார்கள். அதே கருத்தின் வளர்ந்த வடிவம் கணினி அறிவியலின் வலுவூட்டல்வழிக் கற்றலில் இருக்கிறது. 1997இல் ஷூல்ட்ஸ், தயான், மான்டேக் ஆகியோர் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் செயல்பாட்டை விளக்கியதும் இதைக் கொண்டுதான்.

சாம்ஸ்கியின் 1959 மதிப்புரையை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் துல்லியமான பொருள் கொண்ட தூண்டல், துலங்கல், வலுவூட்டல் ஆகிய சொற்களைப் பேச்சுக்கு நீட்டும்போது அந்தத் துல்லியம் கரைந்துவிடுகிறது என்பது அவருடைய வலுவான வாதம். அதற்கு இன்றும் எடை உண்டு. ஆனால் வேறு நடத்தையியலாளர்களின் கருத்துகளையும் ஸ்கின்னர் தலையில் சுமத்திவிட்டார் என்று 1970இல் மக்கோர்குவடேல் எழுதிய மறுப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். உளவியலின் திசை மாறியதற்குத் தகவல் கோட்பாடு, கணினி, தொடர்ச் செயல்கள் பற்றி லாஷ்லி 1951இல் எழுப்பிய கேள்விகள் எனப் பல காரணங்கள் உண்டு. செயல்சார் ஆய்வுக்கென 1958இல் தொடங்கிய இதழ் இன்றும் வெளிவருகிறது.

எலியை வைத்து ரைலை மறுப்பது

உளவியல் சான்றால் மெய்யியல் கொள்கையை வீழ்த்துவதும், மெய்யியல் வாதத்தால் உளவியல் முறையை வீழ்த்துவதும் ஒரே வகைப் பிழை. கொதி நீரைக் கண்டால் விலகுவது, வலித்தால் முனகுவது போன்ற போக்குகளின் தொகுப்பாக மனச்சொற்களை விளக்கும் கொள்கைக்கு எதிராக இரண்டு வாதங்கள் நன்றாக நிற்கின்றன. ஒன்று, 1957இல் சிஷமும் கீச்சும் தனித்தனியே வைத்தது. மழை வரும் என்று நம்புபவர் குடை எடுப்பார் என்றால், நனைய விரும்பாதவராகவும் குடை மழையைத் தடுக்கும் என நம்புபவராகவும் அவர் இருக்க வேண்டும். நம்பிக்கையை நடத்தையாகப் பெயர்க்கப் போனால் விருப்பம் வந்து நிற்கிறது, விருப்பத்தைப் பெயர்க்கப் போனால் நம்பிக்கை வந்து நிற்கிறது. இன்னொன்று பட்னமுடையது. கடும் வலியிலும் முகம் சுளிக்காத, முனகாத மனிதர்களைக் கற்பனை செய்ய முடியும். அவர்களுக்கு வலி இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டும் தாக்குவது ‘மனச்சொல்லின் பொருள் நடத்தையே’ என்ற கொள்கையை. ஸ்கின்னர் அந்தப் பெயர்ப்பைச் செய்யவில்லை, ஆகவே பட்னமின் வாதம் அவரைத் தொடாது. ரைலையும் முழுமையாக இந்தப் பெட்டியில் அடைக்க முடியாது. தன் நூலுக்கு நடத்தையியல் முத்திரை குத்தப்படும், அதனால் கேடில்லை என்று அவரே முன்கூட்டி எழுதினாலும், அவர் குறி வைத்தது உடலுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பொருளாக மனத்தைக் கருதும் டெக்கார்ட்டின் மரபை. விட்கன்ஸ்டைனுக்கும் இதே எச்சரிக்கை தேவை. நீ மாறுவேடமிட்ட நடத்தையியலாளன்தானே என்ற கேள்வியைத் தன்மேல் தானே எழுப்பி எதிர்கொண்டவர் அவர். வலி இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. குவைன் மட்டும் இதில் வேறு. மொழியைக் கற்க நமக்குக் கிடைப்பது பிறரின் புலப்படும் நடத்தை மட்டுமே என்பதை வெளிப்படையாக ஏற்று, 1960இல் ஒரே கூற்றுக்கு ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல மொழிபெயர்ப்புகள் பொருந்தலாம் என்னும் மொழிபெயர்ப்பின் தீர்மானமின்மை வாதத்தை அதன்மேல் கட்டினார். அந்த முன்கோளைச் சொல்லாமல் முடிவை மட்டும் எடுத்தால் வாதம் அந்தரத்தில் தொங்கும்.

நடத்தையியலுக்கு அடுத்து வந்த செயற்பங்குக் கொள்கை அதை முழுக்க உதறிவிடவும் இல்லை. உள்ளே வருவது, வெளியே போவது என்ற இரு முனைகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று வினைபுரியும் அகநிலைகளை நடுவில் சேர்த்தது. பேசும் எந்திரத்துக்கு அறிவு உண்டா என்று அதன் பேச்சை மனிதப் பேச்சோடு ஒப்பிட்டு அறிய 1950இல் டூரிங் முன்வைத்த சோதனையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். சாத்தியமான எல்லா உரையாடல்களையும் பட்டியலாகச் சேமித்து, அதிலிருந்து விடையை எடுத்துக் கொடுக்கும் ஓர் எந்திரத்தை 1981இல் பிளாக் கற்பனை செய்தார். அதன் பேச்சு மனிதப் பேச்சிலிருந்து வேறுபடாது. ஆனால் அதற்கு அறிவு உண்டு என்று நாம் சொல்லமாட்டோம். எனவே விடை எப்படி உருவானது என்பதும் அறிவின் அளவுகோலில் அடங்கும் என்றார். இந்த வாதம் மறுப்பது, வெளிநடத்தை ஒன்றே அறிவுக்குப் போதிய சான்று என்ற கூற்றை. நடத்தையை எண்ணி, அளந்து, சூழலோடு தொடர்புபடுத்தும் ஆய்வு முறைக்கு எதிராக இதை எடுத்துக்காட்ட முடியாது.