ஒரே குழந்தை, இரண்டு வழக்கு: கலிஃபோர்னியாவில் கார்டியன்ஷிப் கேட்பவர்களுக்கு

பேரனையோ தங்கை மகளையோ நீங்கள் வளர்க்க வேண்டிய நிலை. கார்டியனாக (சட்டப்படியான பாதுகாவலராக) விண்ணப்பிக்க நினைக்கும்போதே, குழந்தைகள் நலத் துறையும் விசாரணையைத் தொடங்கியிருக்கலாம். கலிஃபோர்னியாவில் இவ்விரண்டும் ஒரே சுப்பீரியர் கோர்ட்டின் வெவ்வேறு பிரிவுகளுக்குப் போகும். குடும்பத்தார் கேட்கும் கார்டியன்ஷிப், உயில், பாதுகாவலர் விஷயங்களைப் பார்க்கும் புரோபேட் பிரிவுக்கு. கொடுமை, கவனிப்பின்மை என்று கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) தொடுக்கும், குழந்தையைக் கோர்ட்டின் பாதுகாப்பில் எடுப்பதற்கான டிபென்டன்சி வழக்கு ஜுவனைல் (சிறார்) பிரிவுக்கு.

படி 1: டிபென்டன்சி வழக்கு இருக்கிறதா?

முதலில் நலத் துறையின் சோஷியல் வொர்க்கரிடம் இதைக் கேளுங்கள். டிபென்டன்சி மனு தாக்கலாகிவிட்டால், அது தள்ளுபடியாகும் வரை அல்லது டிபென்டன்சி முடியும் வரை, வேறு எந்தப் பிரிவும் அந்தக் குழந்தைக்குக் கார்டியனை நியமிக்க முடியாது. இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாக உத்தரவிட்டு, நடுவில் குழந்தை அல்லாடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

படி 2: இருந்தால்

புரோபேட் மனுவை ஒதுக்கி வையுங்கள். ஜேவி-285 என்ற உறவினர் படிவத்தை ஜுவனைல் கோர்ட்டில் கொடுங்கள். குழந்தையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும், குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள நீங்கள் தயாரா என்பதையும் அதில் எழுதலாம். பெற்றோரிடம் திரும்ப வழியில்லை என்று முடிவானால், ஜுவனைல் கோர்ட்டே உங்களைக் கார்டியனாக்கலாம்.

படி 3: இல்லாவிட்டால்

கார்டியன்ஷிப் கேட்கும் ஜிசி-210 மனுவைப் புரோபேட் பிரிவில் கொடுங்கள்; அதோடு ஜிசி-120 படிவத்தையும் சேர்க்க வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் குழந்தை எங்கே, யாரோடு இருந்தது, வேறு வழக்குகள் என்னென்ன என்று அது கேட்கும். வேறு மாநிலத்து வழக்கையும் விடாமல் எழுதுங்கள். ஒரு கோர்ட் இன்னொரு கோர்ட்டின் வழக்கைத் தெரிந்துகொள்ள இந்தப் படிவம் முக்கியமான வழி. அப்புறம் விசாரணை அதிகாரி வருவார். பெற்றோர் தகுதியற்றவர்கள் என்று யாராவது சொன்னால், கோர்ட் அதை நலத் துறையின் விசாரணைக்கு அனுப்பலாம். அங்கே டிபென்டன்சி மனு தாக்கலானால் உங்கள் மனு காத்திருக்க வேண்டியதுதான்.

படி 4: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

"நீங்களே புரோபேட்டில் கார்டியன்ஷிப் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வழக்கு வேண்டாம்" என்று சோஷியல் வொர்க்கர் சொல்லக்கூடும். சில குடும்பங்களுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் டிபென்டன்சியில் குழந்தைக்கென்று வக்கீல் உண்டு. பெற்றோருக்குப் போதை சிகிச்சை, கவுன்சலிங் போன்ற உதவிகள் பொதுவாகக் கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட உறவினர் வீட்டில் குழந்தை தொடர்ந்து 6 மாதமாவது இருந்து, பிறகு ஜுவனைல் கோர்ட் அவரைக் கார்டியனாக்கினால், கின்-கேப் என்ற மாத உதவித்தொகைக்கு வழியுண்டு. புரோபேட் கார்டியனுக்குக் கின்-கேப் இல்லை. எதை இழக்கிறோம் என்று தெரியாமல் ஒரு பாட்டி கையெழுத்துப் போடுவது எனக்கு நியாயமாகவே படவில்லை. முதலில் வக்கீலிடமோ கோர்ட்டின் இலவச செல்ஃப்-ஹெல்ப் மையத்திலோ பேசுங்கள்.

படி 5: நீங்கள் ஏற்கெனவே புரோபேட் கார்டியனா?

பிறகு டிபென்டன்சி வழக்கு வந்தால், உங்களை நியமித்த உத்தரவின் நகலையும் வழக்கு எண்ணையும் ஜுவனைல் கோர்ட்டில் கொடுங்கள். பழைய கார்டியன்ஷிப்பை மாற்றவும் முடிக்கவும் அந்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்பதால், ஒரு விசாரணையையும் தவறவிடாதீர்கள்.