கழுத்து வலிக்குக் குளிர் லேசர்

மாத்திரை போட்டால் வயிறு எரியும், போடாவிட்டால் ஸ்கூட்டர் ஓட்டும்போது தலையைத் திருப்ப முடியாது. என் நாள்பட்ட கழுத்து வலி அப்படி. அடையாறில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் குளிர் லேசர், அதாவது தோலைச் சுடாத குறைந்த சக்தி லேசர் ஒளியால் வலிக்குச் செய்யும் சிகிச்சை, இருப்பதாகத் தங்கை சொன்னாள், போனேன்.

சூடு, சில்லிப்பு எதுவும் தெரியவில்லை. கருவியின் முனையை வலிக்கிற புள்ளிகளில் அழுத்தி வைக்கிறார்கள், அவ்வளவுதான். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விழித்திரையைக் கெடுத்துவிடும். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதியை ஒளி தூண்டுகிறது என்பது இது வேலை செய்வதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

2009-இல் லான்செட் மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நாள்பட்ட கழுத்து வலியில் 22 வாரம் வரை பலன் இருந்ததாக எழுதினார்கள். சரி என்று தொடர்ந்தேன். கூடவே கழுத்துப் பயிற்சி செய்தேன், கம்ப்யூட்டர் திரையையும் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். கழுத்து மெல்ல இளகியது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வராது.

அங்கே சுவரில் சர்க்கரை, ஆஸ்துமா எல்லாம் குணமாகும் என்று நோட்டீஸ் வேறு! அதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகளும் புற்றுநோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். அப்புறம், மொத்த பேக்கேஜுக்கும் முன்பணம் கேட்டார்கள். நான் அன்றன்றைக்குத்தான் கொடுத்தேன்.